ஒற்றைச் சாட்சி

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரமே மாமனாரிடம் திட்டு வாங்கினேன். அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்த மாமியார் பதறிப்போய் என் கையைப் பிடிப்பதற்குள் மாமனார் உள்ளே வந்துவிட்டார்.

“வெளிய போயி ஒடிம்மா! இந்த வீட்டுக்குள்ள அந்தச் சத்தம் கேக்கக் கூடாது.”

நல்ல பைத்தியக்கார வீட்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டாரே என்று என் அப்பாவை மனதுக்குள் வைதேன். விஷயம் தெரிய ஒரு வருடம் ஆயிற்று.

மாமனார் பெயர் யெத்தேர். ஊர் வாசலில் உட்கார்ந்து வழக்குத் தீர்க்கும் மூப்பர்களுக்குத் தண்ணீர் வார்ப்பது அவர் வேலை. நான் வருவதற்கு முன்பு, நாகாத் என்ற ஏழை விவசாயி, தன் வயலின் எல்லைக் கல்லை மூப்பர் மல்கியேலின் மகன் நகர்த்திவிட்டான் என்று அந்த வாசலுக்கு வந்து கத்திக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒலிவம்பழம் உதிர்க்கும் காலத்தில் ஒருநாள், அந்த வயலிலேயே அவன் மண்டை உடைந்து கிடந்தான்.

கொன்றவன் யாரென்று தெரியாவிட்டால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நுகம் படாத கிடாரி ஒன்றை ஓடைப் பள்ளத்துக்கு ஓட்டிப்போய்க் கழுத்தை முறிப்பார்கள். மூப்பர்கள் அதன்மேல் கைகழுவி, இந்த ரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை, எங்கள் கண் பார்க்கவில்லை என்று சொல்வார்கள். அதோடு ஊர் மேலிருந்த பழி போய்விடும். அன்றைக்கு முதலில் கையை நீட்டியவர் மல்கியேல். தண்ணீர் ஊற்றியவர் என் மாமனார்.

அவர் பார்த்திருந்தார். ஒலிவ மரத்தின் மேல் நின்று கோலால் கிளையைத் தட்டிக்கொண்டிருந்தவர், மல்கியேலின் மகன் கல்லைத் தூக்கியதையும் நாகாத்தின் தலையில் போட்டதையும் பார்த்திருந்தார். ஆனால் ஒருவன் சொன்னால் அது சாட்சியே அல்ல, இரண்டு பேர் வேண்டும் என்பது எங்கள் சட்டம். பொய்ச்சாட்சி என்று முடிவானால் கொலைகாரனுக்குரிய கல்லெறி இவர் தலையில் விழும். வாயை மூடிக்கொண்டார். கிடாரியின் கழுத்து முறிந்த சத்தம் மட்டும் அவரை விடவே இல்லை.

நான் வந்து ஒரு வருடம் ஆனபோது, திராட்சை அறுவடைத் திருவிழாவில் தெற்கேயிருந்து ஒரு ஆடு மேய்ப்பவன் வந்து வாசலில் ஏறி நின்றான். ஆண்டவர் அனுப்பினாராம்.

“உங்க ஊர்ல ஆடெல்லாம் செத்துப்போச்சா தம்பி, எங்கள மேய்க்க வந்துட்ட?” என்றான் எங்கள் பக்கத்து வீட்டு ஓனாம். கூட்டம் சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. “பலி ஆட்டுக் கொழுப்பப் பொகச்சு ஆண்டவரோட கண்ண மறைச்சிரலாம்னு நெனப்பா? நியாயம் கேட்டு வந்தவன மண்ணுல போட்டீங்க. ஒரு வாயில்லாச் சீவன் கழுத்த முறிச்சுட்டு வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குனீங்க. அவரு தூங்கல! பார்த்தவன் வாயத் தொறங்க. மனசு திரும்புங்க. இன்னும் நேரம் இருக்கு!”

மல்கியேலின் ஆட்கள் அவனை அடித்து விரட்டினார்கள். ஆனால் மாமனார் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போய் நின்றார். பார்த்ததை அப்படியே சொன்னார். பெயரையும் சொன்னார்.

“ரெண்டாவது சாட்சி யாரு?” என்று மல்கியேல் நிதானமாகக் கேட்டார். ஒருவரும் வரவில்லை. “பாவம், வயசாயிருச்சு. புத்தி தடுமாறுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். கல்லால் அடித்திருந்தால்கூட மாமனார் தாங்கியிருப்பார்.

பொழுது சாய்ந்ததும் ஓனாம் கொல்லைப்பக்கமாக வந்தான். “நானும் பார்த்தேன்ணே. எம் பேர மட்டும் இழுத்துராதீங்க.”

“வாசல்ல வந்து சொல்லேன்டா!”

“நான் ஒருத்தன் சொல்லி என்னண்ணே ஆகப்போவுது?”

மறுநாள் குயவன் வந்தான். பிறகு மேய்ச்சல்காரன், பிறகு செக்குக்காரன். ஒருவன் போனபின் இன்னொருவன். ஒலிவக் காலத்தில் ஊரே மரத்தின் மேல்தானே இருந்தது! எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனி ஒற்றைச் சாட்சி. வந்தவர் ஒவ்வொருவரிடமும் மாமனார் கெஞ்சினார். ஒருவரும் வாசலுக்கு வரவில்லை.

அப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை. அவர் செத்த அன்று துக்கத்துக்கு வந்தவர்கள், எங்கள் வழக்கப்படி சட்டையைக் கிழித்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் குனிந்து பிணத்தின் காதில் ஏதோ முணுமுணுத்தார்கள். என்னவென்று எனக்குத் தெரியும்.

“செத்தவரு காதுல எதுக்குய்யா ஓதுறீங்க?” என்று கத்திவிட்டேன். மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. “உசுரோட இருந்தப்ப ரெண்டாவது ஆளு கேட்டுக் கேட்டே தொண்ட வத்திப் போனாரு. இப்ப மொத ஆளும் போயிட்டாரு. ரெண்டே ரெண்டு பேரு வேணும். இந்த வீட்டுல ரெண்டு ஆம்பள இல்லையா?”

ஓனாம் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பி நின்றான்.

“நான் சொல்றேன். இன்னொருத்தன் யாரு?”

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.