தஞ்சோங் கிளிங்கில் வாங்கிய எலெக்ட்ரிக் வயலினும் என் வயிற்றெரிச்சலும்

எலெக்ட்ரிக் வயலின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வாங்கியிருக்கிறேன், தொண்ணூற்றெட்டில், மலாக்காவில். எனக்கென்று வாங்கப் போனேன், என் மனைவிக்கென்று வாங்கி வந்தேன்.

அப்போது நாங்கள் புலாவ் செபாங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு ரப்பர் ஆலை ஆபீசில் குமாஸ்தா வேலை, சனி ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின். புக்கிட் காத்திலில் ஒரு கல்யாணத்தில் என் வயலினுக்கு முன்னால் வைத்த மைக் வீல் வீலென்று கத்தியதில் பாட்டையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. குழுவை நடத்திய சேகர் அண்ணன் அன்றே சொல்லிவிட்டார். "தீபாவளி ஷோவுக்குள்ள எலெக்ட்ரிக் வயலின் ஒண்ணு பாருலா தம்பி. இல்லாட்டி உன் வயலின் பீஸெல்லாம் கீபோர்ட்லயே வாசிச்சிக்குவோம்."

என் மனைவி கோமதியும் வயலின் வாசிப்பாள். நான் கோயிலில் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றிக் கற்றவன். அவள் பள்ளிக்கூட இசைக்குழுவில் நின்றபடி, தாடைக்குக் கீழே வைத்துக் கற்றவள். மேடை ஏறியது நான் மட்டும்தான். சமையல் முடிந்ததும் என் வயலினை எடுத்து அவள் வாசிக்கும்போது, நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் கிளம்பினோம். அலோர் காஜா வழியாக மலாக்கா ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. டவுனில் ஒரு இசைக்கருவிக் கடையில் புதியது ஒன்று தொங்கியது, மூவாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு தஞ்சோங் கிளிங் பஸ் ஏறினோம். அது கடலோர ரோட்டில் அரை மணி நேரம். போகிறவர்கள் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் தெரியும்.

கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஒலிபெருக்கி வேலை பார்த்த ரஹீம் பாயைத்தான் தேடிப் போனோம். வெள்ளியின் மதிப்பு விழுந்த அந்த வருஷம் ஹோட்டல் தன் பேண்டைக் கலைத்துவிட்டது. அவர்கள் விட்டுப்போன இரண்டு வயலின்களை பாய் விற்றுக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம்.

காலியாகக் கிடந்த விருந்து ஹாலில் இரண்டையும் மேசைமேல் வைத்தார். ஒன்று வழக்கமான வயலின் வடிவம், சுருள் தலையோடு, எழுநூறு வெள்ளி. இன்னொன்று கறுப்பு நிறம், தலையே கிடையாது, கழுத்தோடு முடிந்துவிடும், ஆயிரத்து நூறு.

நான் நேராகச் சுருள் தலையை எடுத்துக்கொண்டு கார்பெட்டில் உட்கார்ந்தேன். காலில் கச்சிதமாக நின்றது. ஆனால் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்த பிறகும் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. வயரை லேசாக ஆட்டினால் சத்தம் அறுந்து அறுந்து வந்தது. பேட்டரி வைக்கும் பெட்டிக்குள் பச்சையாகக் களிம்பு. கறுப்பு வயலினில் இரைச்சலே இல்லை. ஆனால் காலில் ஊன்ற அதற்குத் தலை ஏது? இரண்டு வரி வாசிப்பதற்குள் நான்கு முறை வழுக்கிவிட்டது.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமாங்க?" என்றாள் கோமதி.

நின்றபடி தோளில் வைத்துக்கொண்டாள். வாசித்தது என்னவோ சாதாரண மோகனம்தான். அவள் இழுத்த முதல் வில்லிலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. நான் உட்கார்ந்து திணறிய அதே வயலின் அவள் தோளில் அப்படிக் குழைந்தது. சமையலறைக் கதவு திறந்தது. கையில் தட்டுகளோடு இரண்டு பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் வாசித்தபோது அந்தக் கதவு திறக்கவே இல்லை.

ரஹீம் பாய் என்னிடம் கேட்டார். "தங்கச்சி எந்தக் குழுவுல வாசிக்குது?"

"அவ வாசிக்கிறதில்ல பாய். நான்தான்."

"ஓ" என்றார். அந்த ஒரு எழுத்து என்னைச் சுட்டது.

"கறுப்பு கொஞ்சம் கனம்லா" என்றேன். "தந்தியும் பழசு." இரண்டுமே பொய் இல்லை.

கோமதி வயலினை மேசைமேல் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "உங்களுக்குச் சுருள் வெச்சதுதானே தோது. அதையே எடுத்துக்குவோம். வயரை மாத்திக்கலாம்." முகத்தில் கோபம் இல்லை. கை மட்டும் இன்னும் கறுப்பு வயலின்மேல் இருந்தது.

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பாய், "அப்ப கறுப்பை நாளைக்கு மூவார்லேர்ந்து வர்ற பொண்ணுக்குக் குடுத்துர்றேன். அது ரெண்டு வாரமாக் கேக்குது" என்றார்.

மூவாரில் முகம் தெரியாத ஒருத்தி அந்தச் சத்தத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாள். அதை நினைத்ததும் கோமதிமேல் எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"கறுப்பைக் கட்டுங்க பாய்" என்றேன்.

"நீங்க எப்படிங்க வாசிப்பீங்க?" என்றாள் கோமதி.

"நீ வாசி. சேகர் அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பாய் ஆயிரத்துக்கு இறங்கி வந்து, ஒரு வயரையும் சும்மா கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் பெட்டியை நான் மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சார் மியூசிக்கா?" என்று கேட்டார். "அவங்கதான்" என்று ஜன்னலோரம் காட்டினேன். கோமதி தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தாள். உதட்டோரம் மட்டும் தூங்கவில்லை.

தீபாவளி ஷோவில் கோமதிக்கு இரண்டு முறை கைதட்டினார்கள். எனக்கு அந்தக் குழுவில் ஒரு முறைகூடத் தட்டியதில்லை. நான் கோயில் கச்சேரிகளில் என் மர வயலினோடு உட்கார்ந்துகொண்டேன், அங்கே எனக்கு இடம் இருந்தது. எரிச்சல் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அவளைப் பற்றி வேறு யாராவது குறை சொன்னால் மட்டும் சண்டைக்குப் போய்விடுவேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். வயரைப் போட்டு ஆட்டிப் பாருங்கள், பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உட்கார்ந்து வாசிப்பவர் உட்கார்ந்தும், நின்று வாசிப்பவர் நின்றும் வாசித்துப் பாருங்கள். பிறகு அதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, ஹாலின் கடைசிக்குப் போய் நின்று கேளுங்கள். அங்கிருந்துதான் உண்மையான சத்தம் தெரியும். கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.