அண்ணன் எழுதி வாசித்த கசெற்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் பிளேஸ்டோவில் பஸ் பிடித்து ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். அங்கே படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, கிட்ட வந்து முனைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு விலக வேண்டும். என் எதிரே நின்றவள் ஜேர்மனியின் வடக்கே டென்மார்க் எல்லையில், ஃபிளென்ஸ்பேர்க்குக்குப் பக்கத்து ஊர்க்காரி. நாள் முழுக்க ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியுமா? இருவருக்கும் இருந்தது அரைகுறை ஆங்கிலம். இந்தக் கதையில் அவளும் யாழ்ப்பாணத்துக்காரி போலத்தான் பேசுவாள். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது.

ஒருநாள் அவளை ஜேர்மன்காரி என்று சொல்லிவிட்டேன். விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"நான் டேனிஷ். பள்ளிக்கூடம் டேனிஷ், சேர்ச் டேனிஷ், வீட்டில கதைக்கிறதும் டேனிஷ். பாஸ்போர்ட் மட்டும்தான் ஜேர்மன்."

ஆனால் அந்த வீட்டு டேனிஷ் தலைமுறைகளாக ஜேர்மனோடு ஒரே தெருவில் குடியிருந்தது. ஜேர்மன் சொற்களும் வசனம் கட்டும் விதமும் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. லண்டனில் டென்மார்க்காரர் டிசம்பரில் நடத்திய நத்தார்ப் பண்டிகைச் சந்தைக்கு ஆசையோடு போயிருக்கிறாள். அவள் வாயைத் திறந்ததும், ஜேர்மன்காரிக்கு இவ்வளவு நன்றாக டேனிஷ் வருகிறதே என்று பாராட்டி, கேக்கும் கொடுத்து, மிச்சத்தை ஆங்கிலத்தில் பேசினார்களாம்.

"கேக் நல்லாயிருந்ததோ?" என்று கேட்டேன்.

"ஓம். அதுதான் இன்னும் கோவம்."

பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த வீட்டுப் பேச்சைப் பேச அவளுக்கு மிஞ்சியிருந்தவர் அண்ணன் ஒருவர்தான். ஒருநாள் கண் வீங்கி வந்தாள். அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் இராது.

"ஆளைப் போய்ப் பார்க்க ஏலும். அந்தப் பேச்சை இனி எங்க கேக்கிறது?"

எனக்குக் கசெற் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த என் அக்கா, கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி, தபாலில் போடச் சொல்லிக் கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். "அண்ணையையும் கசெற்றில கதைச்சு அனுப்பச் சொல்லு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா கிடக்குமா?

"முதல்ல பேப்பரில எழுதி வைச்சு வாசிக்கச் சொல்லு. இல்லாட்டில் அரைவாசி மறந்துபோகும்."

எங்கள் வீடுகளில் அப்படித்தான் செய்வோம். அக்காவின் கசெற் ஒவ்வொன்றும் "அன்புள்ள தங்கைக்கு, நாங்கள் இங்கு நலம். அதுபோல் உங்கள் நலத்துக்கும் இறைவனை வேண்டுகிறோம்" என்று வானொலிச் செய்தி மாதிரித்தான் தொடங்கும். அதில் அக்காவின் குரல் இருக்கும், அக்கா இருக்கமாட்டாள். அந்த ஏக்கம் எனக்கே இருந்தும், அன்றைக்குப் புத்தியில் உறைக்கவில்லை.

ஆபரேஷனைச் சொன்ன நாளுக்கு முந்தியே செய்துவிட்டார்கள். கசெற் தபாலில் வந்தபோது அண்ணனின் குரல் போயிருந்தது. தேநீர் இடைவேளையில் என் சின்ன ரெக்கோடரில் போட்டோம். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

"இது பள்ளிக்கூட டேனிஷ். எங்கட வீட்டுப் பேச்சை நாங்கள் எழுதிறேல்லை. பேப்பரில எழுதினா இப்பிடித்தான் வரும். அண்ணை என்னோட ஒருநாளும் இப்பிடிக் கதைச்சதில்லை."

எழுதச் சொன்னது நான். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மிச்ச விரிப்புகளை அவள் முகத்தைப் பார்க்காமலே மடித்தேன். வெட்கமும் துக்கமும் என்னைத் தின்றன.

அடுத்த வாரம் அவளே ரெக்கோடரைக் கேட்டு வாங்கினாள். கசெற்றின் இரண்டாம் பக்கத்தில், வாசிப்புக்கு நடுவில் ஒரு நாய் குரைக்கிறது. அண்ணன் பேப்பரை விட்டுவிட்டு அதை அதட்டுகிறார். ஒரே ஒரு வசனம். பிறகு செருமிக்கொண்டு மறுபடி வாசிக்கத் தொடங்குகிறார். அவள் திருப்பித் திருப்பி அந்த இடத்தையே போட்டாள். சிரித்தாள், அழுதாள்.

"என்னவாம்?" என்றேன்.

"பொறு விசர் நாயே, தங்கச்சியோட கதைக்கிறனெண்டு தெரியேல்லையோ."

தொண்ணூறுகளில் அவள் அண்ணனோடு இருக்க ஊருக்கே திரும்பிவிட்டாள். போகும்வரை விரிப்பு மடிக்கையில் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுடைய மொழியில் எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

அவள் போன பிறகு அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த கசெற்றில் பேப்பர் வேண்டாம், முந்தி மாதிரி என்னைத் திட்டி நாலு பேச்சுப் பேசு என்று கெஞ்சியிருந்தேன். பல மாதம் கழித்துக் கசெற் வந்தது. "அன்புள்ள தங்கைக்கு, பேப்பர் இன்றிப் பேசுமாறு கேட்டிருந்தாய்" என்று அதையும் எழுதி வைத்து வாசித்திருந்தாள்.

இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டேன். எங்கள் ஊர் வீட்டில் நாய் இல்லை.