அந்தப் பக்கம் என்டர் தட்டியது யார்?

இது நடந்தது. 1998, பங்குனி மாதம், பட்டப்பகல். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் சகினாவிடம் ஒரு தரம் பேசிப் பார்க்கட்டும். அவள் சொன்ன நேரத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில், வராந்தாவைப் பார்த்துத் தனித்தனி வாசலோடு இரண்டு அறைகள். சகினாவும் அவள் கூட்டாளி ஸ்ரீகிருஷ்ணாவும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, அங்கே சொந்தமாக, கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் டிடிபி தொழில் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. முதல் ஆர்டர், பட்டுப்புடவைக் கடைக்கு ஒரு கேட்லாக். படங்களே 340 எம்பி. கடைக்காரர் தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஐந்தரைக்குள் எல்லாம் அதில் ஏறியாக வேண்டும். அவர் அன்றைக்கே அதோடு சிங்கப்பூர் கிளம்புகிறார். தவறினால் ஆர்டர் போச்சு, ஆசையாக ஆரம்பித்த தொழிலும் போச்சு.

ஃப்ளாப்பியில் போட்டால் இருநூற்று நாற்பது வேண்டும். அதனால் இரண்டு லேப்டாப்பையும் கேபிளால் நேராக இணைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டிலும் பேட்டரி செத்துப்போயிருந்தது. அறைக்கோ ஒரே ஒரு ப்ளக். ஆகவே சகினாவின் லேப்டாப் முன்னறையில், கடைக்காரருடையது அதுவரை புழங்காத பின்னறையில். கேபிள், சுவரில் இருந்த பழைய டெலிபோன் ஓட்டை வழியாகப் போனது. மொத்தம் ஒன்பது ஃபோல்டர். ஒவ்வொன்றுக்கும், வாங்குகிற பக்கம் ஒருவர் என்டர் தட்டினால்தான் ஓடும். போதாக்குறைக்கு சகினா பக்கத்துக் கேபிள் முனை தளர்ந்திருந்தது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

அன்று பார்த்து அறுபத்து மூவர் உற்சவம். தெருவில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. கத்தினாலும் கேட்காது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் தட்டுவது தெரியும். ஒரு தட்டு என்றால் அடுத்த ஃபோல்டர். இரண்டு தட்டு என்றால் எல்லாம் முடிந்தது. இப்படிப் பேசி வைத்துக்கொண்டு, 2.55க்கு ஸ்ரீகிருஷ்ணா பின்னறைக்குப் போனான்.

3.10. சகினா தட்டினாள். டொக். பதிலுக்கு அங்கிருந்தும் டொக். முதல் ஃபோல்டர் ஓடத் தொடங்கியது.

3.34. மூன்றாவது ஃபோல்டர். பதில் தட்டு அவளுடைய கணுக்காலுக்குப் பக்கத்தில் கேட்டது. நாற்காலியில் இருப்பவன் எதற்குத் தரையை ஒட்டித் தட்டுகிறான்?

"கிருஷ்ணா, கீழே உக்காந்திருக்கியா?"

ஓட்டைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். ஓயாமல் பேசுகிற ஆள். ஓட்டை வழியாக ஒரு முனகல்கூட இல்லை.

4.02. ஐந்தாவது. தட்டக் கையைத் தூக்கினாள். தட்டவில்லை. அதற்குள்... டொக்.

4.20. கேபிள் அசைந்தது. ஓட்டைக்குள் மெல்ல... இழுபட்டது.

"இழுக்காதேப்பா!"

டொக்.

எழுந்து போய்ப் பார்க்கலாம். விரலை எடுத்தால் எல்லாம் பாழ். பயந்துகொண்டே அழுத்திப் பிடித்திருந்தாள்.

4.47. ஒன்பதும் முடிந்தது. சகினா தட்டினாள். டொக், டொக். அப்பாடா என்று விரலை எடுத்தாள்.

டொக்.

மறுபடி... டொக்... டொக்... நிற்கவில்லை. வரவர பலம் குறைந்தது.

ஓடினாள். பின்னறைக் கதவு... வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. திரையில் ஒன்பது ஃபோல்டரும் இருந்தன. மேஜைக்கு அடியில், சுவரில்...

டொக்.

குனிந்து பார்க்கவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மாடிப்படியில் ஸ்ரீகிருஷ்ணா வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தான்.

"சாரி சகினா. மூணு மணிக்கு ரூமைத் தாழ் போட்டுட்டு நீர்மோர் குடிக்க இறங்கினேன், கூட்டத்துல மாட்டிண்டுட்டேன். நீ இன்னும் ஆரம்பிக்கலையே?"

5.28க்கு, லஸ் முனையில் காரில் காத்திருந்த கடைக்காரர் கைக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் பிழைத்தது.

மறுநாள், கீழே ஜெராக்ஸ் கடை கபாலியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

"பின்னாடி ரூம் ப்ளக்குலயா மாட்டுன? இன்னாம்மா சொல்ற? அதுல கரண்டே கெடையாது. தேவானைம்மா செத்தப்பறம் நான்தான் ஃப்யூஸ் கட்டையப் புடுங்கிப் போட்டேன்."

"யாரு அவங்க?"

"அந்த ரூம்ல டைப் அடிச்சிக்கினு இருந்தவங்க. போன வருஷம், இதே அறுபத்து மூவர் அன்னிக்கு. ஃபேன் ப்ளக்கு மாட்ட டேபிளுக்கு அடியில குனிஞ்சாங்க. ஷாக் அடிச்சு அங்கியே வுழுந்துட்டாங்க. எழுந்துக்க முடியாம செவுத்தத் தட்டிக்கினே இருந்துக்கிறாங்க. எனக்குக் கேட்டுச்சும்மா. மேளத்துல... யாரோ ஆணி அடிக்கிறாங்கன்னு வுட்டுட்டேன்."

கபாலி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சு மணி வரிக்கும் தட்டுனாங்க. பதிலுக்கு ஒருத்தர்கூடத் தட்டல."

சகினா தன் விரல்களைப் பார்த்தாள். 3.10க்கு முதலில் தட்டியது அவள்தான். கடைசித் தட்டு கேட்டபோது, விட்டுவிட்டு ஓடியதும் அவள்தான்.