வாய்தா கொடுக்காத கோர்ட்

என் மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். அவனைப் பார்த்துக்கொள்ள அப்பாவை அமெரிக்காவுக்கு, நாங்கள் இருக்கும் கேட்டி ஊருக்கு வரவழைத்திருந்தோம். பாஸ்போர்ட்டில் ஆறு மாத முத்திரையைப் பார்த்ததும், ஆறு மாதத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. இங்கே பாதித் தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான் பிள்ளை வளர்க்கின்றன.

மூன்றாம் மாதம் சென்னைப் பக்கத்து வீட்டுக்காரர் அப்பா பேருக்கு வந்த ஒரு கோர்ட் சம்மனைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்பா தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்தவர். அரசு நிலத்தைத் தன் மைத்துனருக்கு ஒதுக்கச் சொன்ன அமைச்சரிடம், விதியில் இடமில்லை என்று கோப்பில் எழுதிக் கொடுத்தார். அமைச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணெதிரிலேயே அந்தத் தாளைக் கிழித்தார். அந்த வழக்கில் நேரில் பார்த்த ஒரே சாட்சி அப்பா.

"டிக்கெட் போட்டுடுப்பா," என்றார் அப்பா.

"விளையாடுறீங்களாப்பா? குழந்தைக்கு டேகேர்ல இன்னும் வெயிட்லிஸ்ட். உங்க மருமக இப்பதான் வேலைல ரீஜாயின் பண்ணியிருக்கா. நம்ம ஊர் கேஸ்தானே, வாய்தா கேட்டா கொடுப்பாங்க."

"இது ஸ்பெஷல் கோர்ட்டுப்பா. மந்திரிங்க கேஸை இழுத்தடிக்கக் கூடாதுன்னுதான் தனியா வெச்சிருக்காங்க. வீடியோல சொல்லலாமான்னாவது கேளு."

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரம். அதற்குப் பதில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம், ரத்த அழுத்தத்தால் விமானத்தில் போக முடியாது என்று சான்றிதழ் வாங்கிக் கோர்ட்டுக்கு அனுப்பினேன். "பொய்யாச்சே," என்றார் அப்பா. இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் குழந்தை அழுதபோது தூக்கிக்கொண்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான புத்தி எனக்கு!

வாய்தா கிடைக்கவில்லை. அரசு வழக்கறிஞர் அந்தச் சாட்சியே வேண்டாமென்று விட்டுவிட்டார். போதிய ஆதாரமில்லை என்று அமைச்சர் விடுதலையானார். ஊரில் பட்டாசு வெடித்ததை அப்பா போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாட்லக்; தமிழ் நண்பர்கள் ஆளுக்கொரு பதார்த்தத்தோடு வந்திருந்தார்கள். பிரியாணித் தட்டோடு எல்லோரும் தீர்ப்பைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஊரைத் திட்டுவதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. வாய்ப் பழக்கத்தில் நானும் சொன்னேன்: "கோர்ட் என்ன சார் பண்ணும்? சாட்சி சொல்ல ஒருத்தன் வர மாட்டான். அவ்வளவு பயம்."

சோபாவில் குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

"பயமெல்லாம் இல்லப்பா," என்றார். "டேகேர் கிடைக்கல."