லாட்டில் வராத டிக்கெட்

விமான டிக்கெட் போடும் தொழிலில் விமானம் ஏறுகிறவர் ஒருவர். கட்டணம் ஏறினால் திட்டு வாங்குகிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் நான். காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே என் அலுவலகம். நானும், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மண்ணரையில் குடியிருக்கும் ஜெனிஃபரும், இரண்டு கம்ப்யூட்டர்களும்தான் மொத்தப் பட்டாளம். துணிக்கடையோ நகைக்கடையோ, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விலை சொல்லிப் பிழைக்கிறவராக இருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். "நெட்டுல இதவிடக் கம்மியா இருக்குதே" என்பதை நீங்களும் எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்டிருப்பீர்கள். என்னை அதிகம் விழுங்க வைத்தவர் துரைசாமி அண்ணன்.

நாலு பீஸ் கணக்கு

அண்ணனுக்குச் சொந்தமாக பனியன் கம்பெனி இருக்கிறது. மனைவி சரோஜா அக்காவோடு வந்திருந்தார். ஒரே மகள் நெதர்லாந்தில் இருக்கிறாள், தலைப்பிரசவம். அடுத்த மாதக் கடைசியில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே மாப்பிள்ளையைத் தவிர உதவிக்கு ஆளில்லை. இருவருக்கும் விசா வந்துவிட்டது, டிக்கெட்தான் பாக்கி. "கொழந்த பொறக்கறப்ப நான் அவ பக்கத்துல இருக்கோணுங்க" என்றார் அக்கா. அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். மீதிப் பேச்சு முழுக்க அண்ணனுடையது.

கட்டணத்தைச் சொன்னேன். அண்ணன் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேரு, போக வர நாலாச்சு. நாலு பீஸ் எடுக்கறவனுக்கும் ஒத்தப் பீஸ் எடுக்கறவனுக்கும் ஒரே ரேட்டுன்னா, அதென்னங்க அம்மிணி யாவாரம்?"

சீட்டும் சரக்கும்

அதன்பின் அடிக்கடி வந்தார். விலை கேட்பார், டீ குடிப்பார், போய்விடுவார். அவர் மனசில் ஒரு கணக்கு இருந்தது. ஏற்றுமதி ஆர்டர் ரத்தானால் தைத்து வைத்த சரக்கு காதர்பேட்டைக்கு வரும். வந்த புதிதில் ஒரு விலை, கொஞ்ச நாள் போனால் பாதி விலை, கடைசியில் இடத்தை அடைக்கிறதே என்று கிலோ கணக்கில் தள்ளிவிடுவார்கள். இதற்கு லாட் என்று பெயர். அண்ணன் லாட் வாங்கி விற்றே தொழிலில் காலூன்றியவர். விமானத்தின் காலி சீட்டும் கடைசி நேரத்தில் லாட்டுக்கு வரும் என்று அவர் காத்திருந்தார்.

"பனியன் மாதிரி இல்லீங்கண்ணா, நாள் நெருங்க நெருங்க ஏறத்தான் செய்யும்" என்றேன். "பனியனையாச்சு அடுத்த வருசம் விக்கலாம். பிளைட்டு கெளம்பிருச்சுன்னா அந்த சீட்ட அப்பறம் யாருக்குங்க விப்பான்?" என்று திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கே அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. விமானக் கம்பெனிக்காரர்களுக்குத்தான் அந்த நியாயம் தெரியவில்லை. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மிச்ச சீட்ட வெச்சு ஊறுகாயாங்க போடுவான்? கடைசில நம்மகிட்டத்தான் வருவான், பாருங்க."

பெட்டி கிளம்பியது

நல்ல நாளில் பயணம் புறப்பட முடியாதவர்கள், பெட்டியை மட்டும் நல்ல நேரத்தில் வீட்டை விட்டு வெளியேற்றி வேறோர் இடத்தில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று சொல்வது இதைத்தான். டிக்கெட் போட்டவர்கள்தான் வழக்கமாக இதைச் செய்வார்கள். அண்ணன் டிக்கெட்டுக்காகவெல்லாம் காத்திருக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை பெரிய பெட்டி ஒன்றை ஆட்டோவிலிருந்து இறக்கி, ஜெனிஃபரின் மேசைக்கடியில் தள்ளினார். இன்றைய நேரத்தை விட்டால் இந்த மாதம் நல்ல நேரமே கிடையாதாம்.

ஜெனிஃபர் காலை மடக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்து வழக்கம்போல விலை விசாரித்தார். அவள் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எக்கா, பெட்டி பயணம் கெளம்பிட்டு. அண்ணாச்சிதான் இன்னும் ரேட்டு கேட்டுக்கிட்டு இருக்காவ."

கடைத்துணி

பெட்டியின் எடை எனக்கு உறுத்தியது. அண்ணனை வரவழைத்துத் திறக்கச் சொன்னேன். காங்கேயம் தேங்காய் எண்ணெய் இரண்டு டின், பிரசவ லேகியம், மிச்ச இடமெல்லாம் குழந்தைச் சட்டைகள். மூன்று வயது வரைக்கும் அளவு அளவாகத் தைத்து அடுக்கியிருந்தார். அவருடைய துணி என்று ஒரு மூலையில் கொஞ்சம் கிடந்தது. எடை கூடுதலாக இருக்கிறது, எதையாவது குறையுங்கள் என்றேன். தன் சட்டைகளை எடுத்து வெளியே போட்டார். ஒரு வேட்டியும் ஒரு சட்டையும் மட்டும் உள்ளே தங்கின.

"கொழந்தத் துணில பாதியக் கொறைக்கலாமுங்களேண்ணா, அங்க கடைல வாங்கிக்கலாம்" என்று நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அண்ணன் ஒரு குட்டிச் சட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே என்னை முறைத்தார். "அங்க ஒண்ணு வாங்கற காசுக்கு இங்க ஒரு டஜன் தெச்சரலாமுங்க. அதுவுமில்லாம, பனியன் கம்பெனிக்காரன் பேரப்புள்ள கடைல வாங்கிப் போட்டுச்சுன்னா ஊரு சிரிக்காதுங்களா?"

அக்கா மட்டும்

கட்டணம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் கடை திறக்கும் முன்பே அக்கா தனியாக வாசலில் நின்றார். பிரசவம் முன்னதாகவே ஆகிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகள் போனில் அழுதிருக்கிறாள். இதைச் சொன்னபோது அக்காவின் குரலும் உடைந்தது. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் ஆளே மாறிவிட்டார். மறுநாள் விமானத்துக்கு ஓர் ஆளுக்கு டிக்கெட் கேட்டார், விலையைக் கேட்டார், கார்டை நீட்டினார்.

பிறகு பெட்டியை இழுத்துத் திறந்து, அண்ணனின் வேட்டியையும் சட்டையையும் எடுத்து ஜெனிஃபரின் மேசைமேல் வைத்தார். பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார். "அண்ணனுக்கு என்னங்கக்கா பண்ணறது?" என்று கேட்டேன். ஆட்டோவுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அவுரு லாட்டுல வரட்டும் கண்ணு."

வீடியோ கால்

அக்கா போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணன் அசரவில்லை. இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றார். பார்த்தார். ஒரு மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அக்கா, அக்கா கையில் பேத்தி. அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சட்டை சரியா இருக்குதா? கழுத்து அறுக்கலையே?" என்று கேட்டார்.

"எல்லாஞ் சரியா இருக்குதுங்க" என்றார் அக்கா. "நீங்க மொதல்ல வந்து சேருங்க."

போனை வைத்ததும் டிக்கெட் போடச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன் இருவரும் சேர்ந்து போயிருக்கக்கூடிய காசு, இப்போது ஒருவருக்கே ஆனது. நான் தயங்கித் தயங்கித்தான் தொகையைச் சொன்னேன். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "சன்னலோரம் எல்லாம் வேண்டாமுங்க. மொதல்ல எறங்கற மாதிரி முன்னால ஒரு சீட்டு போடுங்க."

போட்டோ

திரும்பி வந்ததும் நேராக எங்களிடம் வந்தார். ஏர்போர்ட்டில் சொன்ன விலைக்கே வாங்கிய சாக்லேட் பெட்டி ஆளுக்கு ஒன்று. ஜெனிஃபர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நம்ப முடியாமல் பார்த்தாள். பேத்தியின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியவர், ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளின் படம் வந்ததும் நிறுத்தினார். "கொழந்தையோட மக நிக்கறா, மாப்ள நிக்கறாரு, எங்கூட்டுக்காரி நிக்கறா, பக்கத்தூட்டு வெள்ளைக்காரம்மாவும் அவுங்க நாயும் நிக்குது. நாந்தானுங்க அம்மிணி இதுல இல்ல."

விலை இறங்குமா என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் வாதாடுவதில்லை. போகிற ஊரில் யார் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன், பாதிப் பேர் உடனே கார்டை எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.