பதினான்கு வருஷத்துக்கு ஒரு நாய்க்குட்டி

என்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ் நர்ஸ் ஒருத்தி ஒருமுறை இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். அவள் நாய்க்குப் பல் பிடுங்கினார்களாம், பக்கத்தில் ஆள் வேண்டுமாம். அயர்லாந்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரிலிருந்து படிக்கிற நீங்களும் சிரிப்பீர்கள். என் சிரிப்புக்கு எட்டு வயது மகள் கயல் சீக்கிரமே வேட்டு வைத்தாள். "நமக்கும் ஒரு குட்டி வேணும்மா" என்று பிடித்த பிடியை அவள் விடவே இல்லை.

எங்கள் ஊரான சிக்கலில் நாயை விலைக்கு வாங்கும் பேச்சே கிடையாது. எங்கள் மிளகாய்க் களத்தில் காவல் கிடந்தவை எல்லாம் யார் வீட்டிலாவது ஈன்ற குட்டிகள்தான். காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள். தாய்நாய்க்கு வயிறு நிறையக் கறிச்சோறு போட்டு, அது தின்கிற நேரத்தில் குட்டியைத் தூக்கி வர வேண்டும். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே மேரி என்ற அம்மாளின் பண்ணைக்குக் குட்டி பார்க்கப் போன அன்று, வெங்காயத்தைத் தாராளமாக வதக்கி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, சோற்றில் பிசைந்து தூக்குவாளியில் கொண்டுபோனேன். மேரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இதில் வெங்காயமா? என் நாயைக் கொல்லப் பார்க்கிறாயா?"

வெங்காயம் நாய்க்கு விஷமாம். ஏழு நாய் வளர்த்த வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியாது. மரியாதைக்குக் கொண்டுவந்தேன் என்றேன்; அவருக்கு அது விளங்கவில்லை. பகலில் குட்டியோடு யார் இருப்பீர்கள், ஊசி போட எங்கே போவீர்கள் என்று கேள்விகளை அடுக்கினார். "முன்பு வளர்த்தவை எப்படிச் செத்தன?" என்றார். ஒன்றைப் பாம்பு கடித்தது, ஒன்று லாரியில் அடிபட்டது. மற்றவை என்ன ஆயின என்று நான் யாரையும் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

"பதினான்கு வருஷம் உயிரோடு இருக்கும். அதுவரை இந்த நாட்டில் இருப்பாயா? யோசித்துவிட்டு வா."

மற்றக் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது? வந்த நாளிலிருந்து, நான் அய்யா என்று கூப்பிடும் என் அப்பாவிடம் "இன்னும் ரெண்டே வருசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் அதை நம்பி, எனக்கென்று ஒரு மனையைக் காலியாகவே போட்டு வைத்திருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"நாயி எம்புட்டு வருசம் இருக்குமாம்?"

"பதினாலுங்குறாக, அய்யா."

"அப்ப நீ வரல."

"வரலய்யா. லீவுக்குத்தான் வருவேன்."

"சரித்தா. அந்த மனையில ஒந்தம்பி வீடு கட்டிக்கிடட்டும்" என்றார். அன்று வாய்விட்டு அழுதேன். ஆனால் முடிவை மாற்றவில்லை. இனிமேல் அவரிடம் பொய் சொல்வதில்லை என்பதும் அந்த முடிவில் சேர்த்திதான்.

கணவருக்குக் காலை ஷிப்ட், எனக்கு மாலை ஷிப்ட் என்று மாற்றிக்கொண்டோம். ஊருக்குப் போகும்போது ஒருவர் இங்கே தங்குவது என்று பேசி வைத்தோம். எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு மறுபடி போனேன். மேரி அப்போதும் முடிவு சொல்லாமல் இழுத்தார். மூன்றாம் முறை போனபோது குட்டியை என் கையில் கொடுத்தார். நாய்க்குட்டி வாங்க நினைக்கிற நம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன். விலையையும் ஜாதியையும் அப்புறம் பாருங்கள். அதன் ஆயுசு முழுக்க நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதை, ஊரில் காத்திருப்பவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கோடையில் நானும் கயலும் மட்டும் சிக்கலுக்குப் போனோம். மூன்றாம் நாள் காலை, அய்யா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணவரைப் போனில் கூப்பிட்டேன்.

"சாப்புட்டுச்சா? நல்லாத் தூங்குச்சா? என்னயத் தேடுச்சா?"

நான் போனை வைக்கும்வரை அய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா," என்றார், "அங்கன இருக்கையில எங்களக் கேக்குறதும் இதே மூணுதான?"