ஆத்தாவைப் பார்க்கப் போன மோட்டார்

என்னைப் பெற்ற ஆத்தா இறந்துபோன செய்தியோடு பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, காரைக்குடியில் அடைமழை அப்போதுதான் வெறித்திருந்தது. "பொழுது சாயிறதுக்குள்ள எடுத்துருவாக. வெரசா வரச் சொன்னாக" என்று வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டை விட்டு எடுத்துவிட்டால் பெற்ற மகளானாலும் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. அழக்கூட நேரமில்லாமல் புடவையை மாற்றினேன்.

பிறந்த ஊர் இளையாத்தங்குடிக்குப் பக்கம். மாட்டு வண்டியில் போனால் இருட்டிவிடும். வீட்டில் பிளஷர் இருக்கிறதே என்று அன்று சாமியைக் கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் பர்மாவில் இருந்தபடியே வாங்கிப்போட்ட மோட்டார் அது. டிரைவரோ, அந்த வருஷம் சித்திரை வரைக்கும் எங்கள் வில்வண்டியை ஓட்டியவர். மேடு வந்தால் நாக்கைச் சொடுக்கி மோட்டாரை அதட்டுவார். மற்ற நாளில் நாங்கள் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

துக்க வீட்டுக்கென்று மாமியார் இரண்டு மூட்டை அரிசியைப் பின்பக்கம் ஏற்றச் சொன்னார். நானும் அவரும் பின் இருக்கையில் உட்கார்ந்தோம். செம்மண் பாதை ஊறிக் குழம்பாகக் கிடந்தும் வண்டி நன்றாகவே போனது. கண்மாய்க்கரை ஏற்றத்தில்தான், வழவழவென்ற கரம்பைக் களிமண்ணில், பின்பக்கம் லேசாக ஒதுங்கியது. டிரைவர் பயந்துவிட்டார். மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பதுபோல் பிரேக்கைப் போட்டு நட்டநடு ஏற்றத்தில் நிறுத்தினார். திரும்பக் கிளப்பியபோது பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"பின்பாரம் ஆச்சி, அதான் ஏற மாட்டேங்குது. ரெண்டு பேரும் எறங்கிக்கிடுங்க" என்றார்.

மாட்டு வண்டியில் வளர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. பின்னால் கனம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். ஆட்களை முன்னால் நகர்ந்து உட்காரச் சொல்வார்கள். சேற்றில் புதைந்தால் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். அதனால் மறுபேச்சில்லாமல் இறங்கினோம். அரிசி மூட்டைகளையும் டிரைவர் இறக்கிவைத்தார். சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றிச் சேற்றை வாரி அடித்தது.

வயலில் நின்ற நாலு பேர் ஓடிவந்தார்கள். அவர்களும் அதே மாட்டு வண்டிக் கணக்கைத்தான் போட்டார்கள். "முன்பாரம் ஏத்துங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, மூட்டைகளைத் தூக்கி முன் மட்கார்டின்மேல் வைத்தார்கள். ஒருவர் மூட்டைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தும் கொண்டார். மோட்டார் அலறியதே தவிர ஓர் அடி நகரவில்லை. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்கு அன்றைக்கு அதுதான் நடந்தது.

அடுத்த வருஷம் ஊருக்கு வந்த என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மோட்டாரைத் தள்ளுறது பின் சக்கரந்தானே? பின்பாரம் இருந்தாத்தான் அது மண்ணைப் பிடிக்கும். நீங்க எறங்காம உக்காந்திருந்தா ஏறியிருக்கும்" என்றார். அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று கரையில் நின்று பொழுதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அங்குட்டு வரப்பு வழியா நடந்தீகன்னா சுருக்காப் போயிரலாம் ஆச்சி" என்று வயல்காரர் ஒருவர் கை காட்டினார். நான் புடவையைத் தூக்கிச் செருகியதும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டு மருமக சேத்துல நடந்து போயி எறங்குனா ஊரு என்ன சொல்லும்? இந்தா இப்பக் கெளம்பிரும்" என்றார். ஊர் என்ன சொன்னால் எனக்கென்ன? ஆனால் கையை உதறத் துணிச்சல் வரவில்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மோட்டார் பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்த பிறகுதான் அவர் கையை விட்டார்.

வரப்பு நெடுக ஓடினேன், விழுந்தேன், எழுந்து ஓடினேன். ஊர் எல்லையில் ஆண்கள் கூட்டமாகக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கூட்டத்தில் மொட்டைத் தலையோடு வந்த என் அண்ணன் என் கோலத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தார்.

"எல்லாரும் எடுக்கச் சொன்னாக. நான்தான் விடல. நீ வருவேன்னு ரெம்ப நேரம் மூஞ்சிய மூடாமலே வச்சிருந்தேன்" என்றார்.

சேற்றுப் புடவையோடு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. அன்றைக்கும் கேட்கவில்லை, அண்ணன் இருந்தவரையிலும் கேட்கவில்லை.